மதாமுக்குத் தமிழ் தெரியாது

நவம்பர் 12, செவ்வாய்.

பிழை: வகுப்பில் சிரித்துவிட்டேன். உடனே இருமலாக மாற்றினேன். ஆனால் பாதிச் சிரிப்பு வெளியே போன பிறகுதான் மாற்றினேன் என்று நினைக்கிறேன்.

காரணம்: எதிர்பாராத இடத்திலிருந்து வேடிக்கை வந்தது.

நாளைய வேலை: சிரிக்காமல் இருக்கப் பழகுவது. எப்படி என்று தெரியவில்லை.

மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பொழுது சாய்ந்ததும் பயிற்சிக் கூடத்துக்கு வந்து தாங்களே மாணவர்களாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். அன்று நடந்ததைப் பிழை, காரணம், நாளைய வேலை என்று மூன்று தலைப்பில் எழுத வேண்டும். மற்றவர்கள் பேருந்து வருவதற்குள் நாலு வரி கிறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் குறிப்பை எழுதிய அவள் மட்டும் ஓரம் விட்டு, கோடு போட்டு, எழுதியதை வாசித்து, வாசித்ததைச் சந்தேகப்பட்டு, மறுபடி எழுதுவாள். “இவ வச்ச காலைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் அடுத்த காலைத் தூக்குவா” என்று அவள் அம்மா சொல்வது சும்மா இல்லை.

சிரித்தது அப்படி என்ன பெரிய குற்றம் என்று யாரும் கேட்கலாம். வேறு எந்த ஆசிரியைக்கும் அது குற்றமில்லை. அவளுக்குக் குற்றம்தான். ஏனென்றால் அவளுக்குத் தமிழ் தெரியாது.

தெரியாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளியில் ஒரு பிரிவுப் பிள்ளைகள் மட்டும் பிரெஞ்சிலேயே மூழ்கிப் படிப்பவர்கள். அந்த அறைக்குள் காலை வைத்தால் கணக்கு, சண்டை, சமாதானம், கழிவறைக்குப் போக அனுமதி, எல்லாமே பிரெஞ்சில்தான். மழை நாளில் நனைந்த குடையை வாசலிலேயே சாத்தி வைத்துவிட்டு வருவதுபோலத் தாய்மொழியையும் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். ஆனால் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொன்னபடி கேட்டுவிட்டால் உலகத்தில் ஆசிரியர் என்ற இனமே தேவையில்லை. டீச்சருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்துவிட்டால் போதும், ஒரு நாக்கும் பிரெஞ்சுப் பக்கம் புரளாது. அதனால்தான் முதல் நாளே தலைமை ஆசிரியை அவளை வகுப்பின் முன் நிறுத்தி, “இவர் தூரத்திலிருந்து வந்திருக்கிறார். பிரெஞ்சு தவிர இவரிடம் எதுவும் செல்லாது” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூரம் என்றது பேருந்தில் ஏழாவது நிறுத்தம். மிச்சத்தைப் பிள்ளைகளே கற்பனை செய்துகொண்டார்கள். அவளைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘மதாம்’ என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து மதாமுக்கு முன்னால் தமிழில் எதையும் பேசலாம் என்றானது.

எதையும் என்றால் எதையும்தான். அவள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தானே முடியை வெட்டிக்கொண்டு வந்த அன்று, “யாருடி வெட்டி விட்டது, எலியா?” என்று முதல் வரிசையிலேயே கேட்டது. எலி என்ற சொல் காதில் விழுந்ததாகவே மதாம் காட்டிக்கொள்ளவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தேதியை எழுதினாள். அப்படிப் பல மாதம் கல்லாக நின்றவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வழுக்கி விழுந்தாள்.

அன்றைய பாடம் ஒரு கதை. ஒரு கனவான் தன் குடையைத் தொலைத்துவிடுகிறார். அலமாரியில் தேடுகிறார், மாடிப்படியில் தேடுகிறார், குடையின் கைப்பிடி எப்படிப்பட்டது, துணி எப்படிப்பட்டது என்று நினைத்து நினைத்து உருகுகிறார். பாடம் மூன்று பக்கம். இரண்டாம் பக்க முடிவில் வகுப்பே பாதி தூங்கிவிட்டது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், அலுத்துக்கொள்ளும் தமிழில் வந்தது.

“மூணு பக்கமா குடையைத் தேடுறாரு. இந்நேரத்துக்கு மழையே விட்டிருக்கும்.”

அவ்வளவுதான். மதாமின் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, தொண்டையைத் தாண்டி, மூக்கு வழியாக வெளியே வந்தது. பாதியில் அதைப் பிடித்து இருமலாக்கினாள். தண்ணீர் குடித்தாள். பக்கத்தைப் புரட்டினாள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை வகுப்பில் ‘ரேடியோ’ என்பார்கள். தமிழில் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். நடந்துபோகிறவரின் நடை, ஆசிரியர்களின் தும்மல், மின்விசிறியின் முனகல், எல்லாவற்றுக்கும் நேரடி வருணனை உண்டு. பிரெஞ்சில் கேள்வி கேட்டால் மட்டும் யாரோ பொத்தானைத் திருகி அணைத்த மாதிரி ஆகிவிடுவாள். “என் பெயர் இது. என் பை நீலம்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் பை நீலம்தான்.

மதாமின் இருமலை ஒருவன் மட்டும் கவனித்துவிட்டான். எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பதாலும், தன் தவறுக்கும் பிறர் தவறுக்கும் ஒரே குரலில் வாதாடுவதாலும் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். மணி அடித்ததும் அவன் எழுந்து நின்று, மதாம் மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, தைரியமாகத் தமிழில் தீர்ப்பு வாசித்தான்.

“மதாமுக்குத் தமிழ் தெரியும்டா. அது இருமல் இல்ல, சிரிப்பு.”

“போடா,” என்றாள் ரேடியோ. “தெரிஞ்சிருந்தா இத்தனை மாசமா நான் சொன்னதுக்கெல்லாம் என்ன பண்ணாங்களாம்? தினம் இருமி இருமிச் செத்தே போயிருப்பாங்க.”

“பந்தயம்?”

“பந்தயம். தோத்தவங்க வருஷம் முடியிற வரைக்கும் போர்டு துடைக்கணும்.”

“சரி. வாய்மொழித் தேர்வுக்குள்ள நான் நிரூபிக்கிறேன்.”

மதாம் காகிதங்களை மிக மெதுவாக, மிக நேராக அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தாழ்வாரத்தின் கோடியில் திரும்பிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

தலைமை ஆசிரியை தன் அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் தமிழ் பேசுவார். மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார்.

“அந்தக் கடைசி வரிசைப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்கிறாளாமே?”

“புரியுது மேடம். எல்லாமே புரியுது அவளுக்கு.”

“எப்படிச் சொல்ற?”

“பாடத்தைத் தமிழ்ல கிண்டல் பண்றா. புரியாம கிண்டல் பண்ண முடியாதுல்ல?”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “அதை நான் குறிப்புல எப்படி எழுதுறது? ‘மாணவிக்குக் கிண்டல் நல்லா வருது’ன்னா? புரிஞ்சா மட்டும் போதாதும்மா. பேசணும். வாய்மொழித் தேர்வுக்கு நானே வந்து உக்காரப் போறேன். அன்னைக்கும் பை நீலம்னு நின்னான்னா, சாதாரணப் பிரிவுக்கு மாத்திட வேண்டியதுதான். அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி.”

சாதாரணப் பிரிவு மைதானத்துக்கு அந்தப் பக்கம், வேறு கட்டிடத்தில் இருந்தது. அவளுக்கு நிம்மதியா என்று மதாமுக்குத் தெரியவில்லை. தனக்கு நிம்மதியில்லை என்பது மட்டும் தெரிந்தது. வகுப்பிலேயே பாடத்தை முழுதாகக் கேட்கிற ஒரே ஆளை, காது கேட்கவில்லை என்று சொல்லி அனுப்புவதா?

அன்று மாலை வகுப்பில் அவள் இரண்டு பக்கம் எழுதினாள். நான்கு முறை அடித்தாள்.

வக்கீலின் விசாரணை அந்த வாரமே தொடங்கியது. முதல் ஆயுதம் கரப்பான். மதாம் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் தமிழில், அமைதியாக, “ஐயோ, மதாம் முதுகுல கரப்பான் ஏறுது” என்றான். மதாமுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது கரப்பானிடம்தான். கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி பட்டென்று இரண்டாக உடைந்தது. ஆனாலும் அவள் வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, திரும்பி, “யார் வாசிக்கிறீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டாள். அன்றைய குறிப்பில் இப்படி இருந்தது: “கரப்பான்: இல்லை. (வீட்டுக்கு வந்து சட்டையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.)”

இரண்டாவது ஆயுதம் ரேடியோவேதான். பந்தயத்தில் அவள் எதிர்க்கட்சி. மதாமுக்குத் தமிழ் தெரியாது என்று நிரூபிக்க வேண்டியவள். அதற்கு அவள் கண்ட வழி, இன்னும் பெரிய பெரிய வேடிக்கையாகச் சொல்லி, மதாம் சிரிக்காததைக் காட்டுவது. இரண்டு கட்சியும் சேர்ந்து தாக்கினால் தனி ஆள் என்ன செய்வாள்?

வீட்டில் பயிற்சி எடுத்தாள். பயிற்சியாளர் அவள் தம்பி. கல்லூரிக்குப் போகிறவன், வேலை வெட்டி இல்லாத நேரமெல்லாம் அக்காவைச் சிரிக்க வைப்பதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, துணி துவைக்கும் தூள் பாக்கெட்டை எடுத்துச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தான்.

“வணக்கம். முக்கியச் செய்திகள். வெள்ளைத் துணிகளைத் தனியாக ஊற வைக்கவும்.”

அவள் கல்லாக இருந்தாள்.

“நிறம் மங்கிய துணிகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.”

கல்.

“குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்,” என்று சொல்லிவிட்டு, எழுந்து, பாக்கெட்டை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தான். அவள் குள்ளம். வாயிலிருந்த தண்ணீர் மேசை முழுவதும் தெறித்தது.

“அக்கா அவுட்!”

அம்மா துடைப்புத் துணியோடு வந்தார். “வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை திரும்பி வரும். அங்க போய் ஊமை மாதிரி நடிக்கிறியாம். இதுக்குச் சம்பளம் வேற.”

“ஊமை இல்லம்மா. பிரெஞ்சு.”

“ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

ஆனால் ரேடியோ மட்டும் தேர்வு நெருங்க நெருங்க பிரெஞ்சில் இன்னும் சுருங்கிப்போனாள். மதாம் படம் காட்டிப் பார்த்தாள், அட்டை கொடுத்துப் பார்த்தாள், தனியாக உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தாள். பையின் நிறம் மாறவே இல்லை.

சனிக்கிழமை காலை அம்மாவோடு காய்கறிக் கடைக்குப் போனாள். விடுமுறை நாள், நாக்குக்கும் விடுமுறை. ஒரு தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் முழு வேகத்தில் இருந்தாள்.

“என்னண்ணே, பாதி குழைஞ்சு கிடக்கு. இதையா காலையில வந்த சரக்குன்னு—”

முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எழுந்தது. கையில் துணிப்பையோடு ரேடியோ.

மதாமின் வாய் மூடியது. மறுபடி திறந்தபோது, “பொன்ஷூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னது.

“பொன்ஷூர், மதாம்,” என்றாள் ரேடியோ, கண் கொட்டாமல்.

அம்மா மகளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். ஊமை என்று அலுத்துக்கொண்ட அதே அம்மா, கண நேரத்தில் களத்தில் குதித்தார்.

“யாரும்மா நீ, இவங்ககிட்ட படிக்கிறியா? இவங்க எங்க மாடியில குடியிருக்காங்க. பாவம், ஒரு வார்த்தை தமிழ் வராது. நான்தான் கூட்டிட்டு வந்து காய் வாங்கிக் குடுக்கிறேன்.”

மதாமைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து தெரிந்த கடைக்காரர் திகைத்துப்போனார். “என்னம்மா சொல்றீங்க? இது உங்க—”

“நீங்க உருளைக்கிழங்கை நிறுங்கண்ணே!” என்று அம்மா அதட்டினார். அதே வேகத்தில் மகள் கையிலிருந்த தக்காளியைப் பார்த்து, “இன்னும் அந்த அழுகினதைக் கையில வச்சிருக்கா பாரு. எத்தனை தடவை சொன்னாலும் நல்லது கெட்டது தெரியாது. வை கீழ!” என்றார்.

மதாம் தக்காளியைக் கீழே வைத்தாள்.

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதே ஆன்ட்டி,” என்றாள் ரேடியோ. “யாரைத் திட்டுறீங்க?”

“எனக்கு நானே சொல்லிக்கிறேன்மா. வயசாச்சுல்ல.”

ரேடியோ பீன்ஸ் கூடைக்கு நகர்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, ஒடித்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டே அம்மாவிடம் பேசினாள். பேச்சு அம்மாவுக்கு, பார்வை பீன்ஸுக்கு.

“மதாம் நல்லவங்கதான் ஆன்ட்டி. என்னை ஒரு நாள்கூடத் திட்டினதில்ல. ஆனா அவங்களுக்கு என்னைத் தெரியாது.”

“ஏன், தினம் பாக்கிறாங்கல்ல?”

“தமிழ்ல நான் வாயைத் திறந்தா நாலு பேர் சிரிப்பாங்க. அதுதான் நான். பிரெஞ்சுல பேசினா, ‘என் பை நீலம்’. அது யாரு? அது நான் இல்ல ஆன்ட்டி. ஏதோ ரெண்டு வயசுக் குழந்தை. அந்தக் குழந்தையை எல்லார் முன்னாடியும் கூட்டிட்டு வந்து நிறுத்த எனக்கு வெக்கமா இருக்கு. அதான் வாயை மூடிக்கிறேன்.” ஒரு பீன்ஸ் டப்பென்று ஒடிந்தது. “தேர்வுல பேசலேன்னா அந்தப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பிடுவாங்களாம். எனக்குப் போக வேணாம். இந்தக் கிளாஸ் எனக்குப் புடிக்கும். அவங்க வாசிச்சுக் காட்டுறதும் புடிக்கும். குடைக்காரர் வந்தாரே, அவருக்குன்னே ஒரு குரல் வச்சிருந்தாங்க.”

அம்மாவுக்கு நடிப்பு மறந்துவிட்டது. “இதை அவங்ககிட்டயே சொல்லக் கூடாதாம்மா?”

“எந்த மொழியில சொல்றது?” என்று கேட்டு, பீன்ஸை எடை போடக் கொடுத்து, “ஒர்வுவார், மதாம்” என்று விடைபெற்றுப் போய்விட்டாள்.

வீட்டுத் தெரு திரும்பியதும் அம்மா கேட்டார்: “அந்தப் பொண்ணு சொன்னது புரிஞ்சுதா?”

“எனக்குத்தான் தமிழ் தெரியாதே.”

“அடி வாங்குவ.”

அன்று முழுவதும் அவள் தன் பாடத் திட்டங்களை எடுத்து வைத்துப் பார்த்தாள். என் பை. என் அறை. என் வார விடுமுறை. என் செல்லப் பிராணி. பதினைந்து வயது ஆளிடம் கேட்கிற கேள்விகளா இவை? பையின் நிறத்தைக் கேட்டால் நிறம்தான் வரும். கிண்டலுக்கு இடமே வைக்காமல் கிண்டல்காரியை எதிர்பார்த்தால் எப்படி? ஒருவேளை இது தன் தப்புக் கணக்காகவும் இருக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை தம்பியின் கறுப்புக் குடையோடு வகுப்புக்குப் போனாள். புதிய விளையாட்டு ஒன்றைப் பிரெஞ்சில் விளக்கினாள். ஒருவர் குடைக்காரர் கதையை முன்னால் நின்று வாசிப்பார். இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வாசிப்பதை நிறுத்தி நிறுத்தி, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேலி செய்யலாம், கேள்வி கேட்கலாம், கதாசிரியரோடு சண்டை போடலாம். ஒரே நிபந்தனை, பிரெஞ்சில். அதற்குப் ‘பின்குரல்’ என்று பெயர் வைத்தாள். பிறகு எல்லாரும் பார்க்கும்படி சிவப்புப் பேனாவைப் பைக்குள் போட்டு மூடினாள். பிழை திருத்தம் இன்று கிடையாது.

முதலில் வகுப்பு நம்பவில்லை. பிறகு வக்கீல் எழுந்தான். குடைக்காரர் அலமாரியைத் திறந்ததும், “ஐயா, சோதனை உத்தரவு இருக்கிறதா?” என்று பின்னாலிருந்து கேட்டான். அதற்குப் பிறகு அந்த அறையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வினைச்சொற்கள் கை வேறு கால் வேறாக விழுந்தன. ஆனால் விழுந்தது அத்தனையும் பிரெஞ்சு. மதாம் பல மாதத்துக்குப் பிறகு வகுப்பில் வாய்விட்டுச் சிரிக்கலாம் என்றானது. அவளோ பழக்க தோஷத்தால் புன்னகையோடு நிறுத்திக்கொண்டாள்.

ரேடியோ மட்டும் எழவில்லை. “நீ வருகிறாயா?” என்று கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தாள். மறுநாளும் மறுத்தாள். அதற்கடுத்த நாள், பின்குரல் சொல்கிறவர்களின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடும் லேசாக அசைந்ததுபோல மதாமுக்குத் தோன்றியது. தோன்றியதா, நிஜமா? மாலை வகுப்பில் அந்த ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

தேர்வு நாளில் தலைமை ஆசிரியை வந்து, எல்லாரையும் பார்க்க வசதியாகக் கடைசி வரிசையில், ரேடியோவின் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இடம் பறிபோன ரேடியோ முதல் வரிசைக்கு வந்தாள். தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் விட்ட மீன் அதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒவ்வொருவராக முன்னால் வந்து, படித்த கதையைப் பற்றிப் பேசினார்கள். வக்கீல் குடையின் சார்பில் வாதாடி, குடைக்காரர் கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று முடித்தான். அடுத்து ரேடியோவின் பெயர் வந்தது.

அவள் எழுந்து வந்து நின்றாள். மின்விசிறி முனகியது. இன்று அதற்கு வருணனை இல்லை. மதாம் மேசைக்கு அடியில் விரல்களைக் கோத்துக்கொண்டாள். உதவி செய்யக் கூடாது. பையைப் பற்றி மட்டும் கேட்கவே கூடாது.

“ஒரு மனிதர்,” என்றாள் ரேடியோ பிரெஞ்சில். நிறுத்தினாள். “ஒரு மனிதர் குடை தேடுகிறார். ஒரு பக்கம் தேடுகிறார்.” மறுபடி நிறுத்தம். “இரண்டு பக்கம் தேடுகிறார். மூன்று பக்கம் தேடுகிறார்.”

மழை இந்நேரம் விட்டிருக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கான பிரெஞ்சு அவளிடம் இல்லை என்பது மதாமுக்கு அவள் கண்ணிலேயே தெரிந்தது. வார்த்தைகளைத் துழாவினாள். இருக்கிறதை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

“மழை,” என்றாள், “மழை காத்திருந்தது. காத்திருந்தது. மழைக்குக் கால் வலித்தது. மழை வீட்டுக்குப் போய்விட்டது.”

மதாமின் வயிற்றிலிருந்து அது கிளம்பியது. இந்த முறை பிடிக்க வேண்டியதில்லை. எலியிலிருந்து கரப்பான் வரைக்கும் இத்தனை மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கு வழியாகப் புறப்பட்டு, வாய் வழியாக வந்து, கண்ணில் தண்ணீராக முடிந்தது. வகுப்பும் சேர்ந்துகொண்டது. ரேடியோ ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அவள் முகத்தில் யாரோ பொத்தானைத் திருகினார்கள்.

வக்கீல் துள்ளி எழுந்தான்.

“அந்த இருமல்!” என்று கத்தினான். தலைமை ஆசிரியை இருப்பதால் பிரெஞ்சில்தான் கத்தினான். “இது அன்று வந்த அதே இருமல்! மூக்கில் தொடங்கும் அதே சத்தம்! மதாமுக்குத் தமிழ் தெரியும். முதல் ஆதாரம், இருமல். இரண்டாவது ஆதாரம், கரப்பான் என்று நான் தமிழில் சொன்னபோது சுண்ணாம்புக் கட்டி உடைந்தது. தமிழ் தெரியாதவர் கையில் அது ஏன் உடைய வேண்டும்?”

எல்லாத் தலைகளும் மதாம் பக்கம் திரும்பின. தலைமை ஆசிரியை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுத்தால் பொய். ஒப்புக்கொண்டால் நாளையிலிருந்து இந்த அறையில் பிரெஞ்சுக்கு வேலையில்லை.

“இல்லை!” என்றாள் ரேடியோ. பிரெஞ்சில்தான். “நான் சாட்சி.”

வக்கீலுக்கே அது பிடித்துப்போனது. சாட்சியை மறுக்க அவனால் முடியாது. “பேசலாம்,” என்றான்.

ரேடியோ பேசினாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறின. வராத வார்த்தைக்குக் கையைக் காட்டினாள், கை போதாதபோது நடித்துக் காட்டினாள். ஆனால் நிற்கவில்லை.

“சனிக்கிழமை. காய்கறிக் கடை. நான் இருக்கிறேன். மதாம் இருக்கிறார். மதாமின் வீட்டுக்காரம்மா இருக்கிறார். வீட்டுக்காரம்மா சொன்னார், மதாமுக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது என்று. வீட்டுக்காரம்மா நல்லவர். மூக்கு மதாமின் மூக்கு மாதிரி. தற்செயல்.”

முதல் சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும் வரை காத்திருந்தாள். எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“மதாம் கையில் ஒரு தக்காளி. வயதான தக்காளி. வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம். தமிழில் திட்டினார். நிறையத் திட்டினார். மதாமுக்குத் தமிழ் தெரியாது, அதனால் மதாமுக்கு ஒன்றும் புரியவில்லை.” இடுப்பில் கை வைத்தாள். “தக்காளியை மட்டும் உடனே கீழே வைத்துவிட்டார்.”

வகுப்பு மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தது. கடைசி வரிசையில் தலைமை ஆசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

“அப்போ அது அவங்க அம்மா—” என்று வக்கீல் தமிழில் தொடங்கினான்.

“பிரெஞ்சில்!” என்று மொத்த வகுப்பும் அவன்மேல் பாய்ந்தது.

வக்கீல் சுற்றிலும் பார்த்தான். உண்மை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. மெதுவாக உட்கார்ந்தான். “வழக்கை வாபஸ் வாங்குகிறேன்,” என்று பிரெஞ்சில் முனகிவிட்டு, பலகையைப் பரிதாபமாகப் பார்த்தான். பலகையில் அன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதியிருந்தது.

ரேடியோ முதல் வரிசைக்குத் திரும்பினாள். மதாமைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். பீன்ஸ் கூடையைப் பார்த்துக்கொண்டு பேசிய அதே பெண். அன்று யாருக்குச் சொன்னாள், எந்த மொழியில் சொன்னால் போய்ச் சேரும் என்று தெரிந்துதான் சொன்னாள் என்பது மதாமுக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைமை ஆசிரியை அறைக் கதவைச் சாத்தினார்.

“நான் மணியைப் பாக்கலேன்னா இன்னும் பேசிட்டே இருந்திருப்பா.”

“அப்போ அவளை...”

“இங்கதான் இருப்பா. வேற எங்க போவா? பிழை மூட்டை மூட்டையா இருக்கு, அதைத் திருத்துறது உன் பாடு.” பேனாவை மூடி வைத்தார். “அது சரி, அந்தத் தக்காளி விஷயம் நிஜமா?”

“மன்னிக்கணும் மேடம்,” என்றாள் அவள். “எனக்குத் தமிழ் தெரியாது.”

வெளியே தாழ்வாரத்தில் ரேடியோ தோழியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மதாம் கடந்தபோது, உரக்கத் தமிழில், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“மதாமோட வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு நாள் சொல்லணும்டி, அவங்க மாடியில இருக்கிறவங்க நல்லாச் சிரிக்கிறாங்கன்னு.”

மதாமின் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

டிசம்பர் 5, வியாழன்.

பிழை: வகுப்பில் மறுபடியும் சிரித்துவிட்டேன். இந்த முறை இருமலாக மாற்றவில்லை.

காரணம்: மழை வீட்டுக்குப் போய்விட்டது.

நாளைய வேலை: அடுத்த கதையைப் படியெடுத்து வைக்க வேண்டும். பின்குரலுக்கு முதலில் ரேடியோவைக் கூப்பிட வேண்டும். அவள் ஆண்பால் பெண்பால் பிழைகளைக் கதை முடிந்த பிறகே திருத்த வேண்டும். பலகை துடைக்கும் துணி கிழிந்துவிட்டது, வக்கீலுக்குப் புதிதாக ஒன்று கொண்டு போக வேண்டும். குடையைத் தம்பியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.